வாத்து, சத்திரம், ராஜாச் சீட்டு: டச்சுப் பண்டிகைகளும் படப் பலகைகளும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "டச்சுக்காரர்களின் பழைய படப் பலகை விளையாட்டுகளில் வாத்து, சத்திரம், கிணறு, சிறை, மரணம் என்று கட்டங்கள் வருகின்றன. இவை அவர்களுடைய பண்டிகைகளைப் பிரதிபலிக்கின்றன என்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை?"

உண்மைதான். ஆனால் பலகையில் பண்டிகைக் காட்சிகளை வரைந்துவைத்தார்கள் என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் புரிந்ததாகும். டச்சுக் குளிர்காலப் பண்டிகைகளே சீட்டுக் குலுக்கலும் பகடையும் சேர்ந்த விளையாட்டுகளாகத்தான் இருந்தன. யாருக்குப் பரிசு, யாருக்குப் பிரம்பு, யார் ராஜா, யார் கோமாளி என்று அதிர்ஷ்டம் தீர்மானிக்கும் இரவுகள் அவை. அந்த இரவுகள் கோயிலிலிருந்தும் தெருவிலிருந்தும் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தபோது, அச்சிட்ட படத்தாள் அவற்றுக்குத் துணையாக வந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் சில ஆண்டுகள் இருந்தபோது இந்தத் தாள்கள் மேல் எனக்குப் பெரிய பிரியம் வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் எல்லாவற்றுக்கும் மூத்த பலகை: கான்ஸன்போர்ட். 'கான்ஸன்' என்றால் வாத்துகள். நம் ஊர்க் குளத்து வாத்து இல்லை, கழுத்து நீண்ட பெருவாத்து. 'போர்ட்' என்றால் பலகை. நத்தைக் கூடு போல வெளியிலிருந்து உள்நோக்கிச் சுருண்டு போகும் பாதையில் 63 கட்டங்கள். இரண்டு பகடை. விழுந்த எண்ணிக்கைக்குக் காயை நகர்த்த வேண்டும். இதில் திறமைக்கு இடமே இல்லை. ஐந்து வயதுக் குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் சரிசமமாக உட்கார்ந்து ஆடலாம். பண்டிகை ராத்திரிக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடைக்காது, ஏனென்றால் அன்று வீட்டிலுள்ள எல்லா வயதினரும் ஒரே மேசையைச் சுற்றி இருப்பார்கள்.

கட்டங்களைப் பாருங்கள். 6இல் பாலம், அங்கே போய்ச் சேர்ந்தால் 12க்குப் போகலாம். 19இல் சத்திரம்; குடித்துச் சாப்பிட்டுத் தங்க வேண்டும், அதனால் ஒரு முறை ஆட்டம் போய்விடும். 31இல் கிணறு, விழுந்தவர் இன்னொருவர் அதே கட்டத்துக்கு வந்து மீட்கும்வரை கிடக்க வேண்டும். 42இல் சுற்றுவழி, வந்த வழியே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 52 சிறை. 58 மரணம், மரணத்தில் விழுந்தவர் ஆட்டத்தை விட்டுப் போவதில்லை, முதல் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார். 63இல் சரியாக வந்து நின்றால் ஜெயித்தாயிற்று. எண்ணிக்கை கூடிப்போனால், மிச்சத்தைப் பின்னோக்கி எண்ண வேண்டும். அப்படிப் பின்னோக்கி வரும்போதுதான் ஜெயிக்கப் போகிறவர் 58இல் விழுவார். அந்த நேரத்தில் மேசையில் எழும் சத்தத்தை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

இடையிடையே வாத்துகள்: 5, 9, 14, 18, 23, 27 என்று தொடங்கி 59 வரை பதின்மூன்று கட்டங்களில். வாத்தின் மேல் வந்தால் விழுந்த எண்ணிக்கையையே இன்னொரு முறை நகர்த்தலாம். இந்த வாத்துகளை வைத்திருக்கும் ஒழுங்கு அழகானது. 5, 14, 23, 32 என்று ஒரு வரிசை. 9, 18, 27, 36 என்று இன்னொரு வரிசை. இரண்டிலும் இடைவெளி ஒன்பது. இதில் ஒரு சிக்கல் வரும். முதல் வீச்சிலேயே 9 விழுந்தால், வாத்திலிருந்து வாத்துக்குத் தாவி 18, 27, 36, 45, 54 என்று போய் நேராக 63இல் நின்றுவிடலாம். ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். அதனால் ஒரு தனி விதி: முதல் வீச்சில் 9 விழுந்தால், ஆறும் மூன்றுமாக விழுந்திருந்தால் 26க்கும், ஐந்தும் நாலுமாக விழுந்திருந்தால் 53க்கும் போக வேண்டும். பல பலகைகளில் அந்த இரண்டு கட்டங்களிலும் பகடைகளின் படமே வரைந்திருக்கும். ஏன் பகடைப் படம் என்று தெரியாமலே பலர் அதைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். 63 என்ற எண்ணும் சும்மா வந்ததில்லை. ஒன்பது ஏழு அறுபத்து மூன்று. பழைய ஐரோப்பிய நம்பிக்கையில் அது மனித வாழ்வின் பெரிய கண்டமான வயது.

இந்த ஆட்டம் நெதர்லாந்தில் பிறந்தது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தாலியில் தோன்றியது. ஃபுளோரன்ஸின் ஃபிரான்செஸ்கோ தெ மெதிச்சி 1574க்கும் 1587க்கும் இடையில் இதை ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்புக்குப் பரிசாக அனுப்பினார். 1597இல் லண்டனில் பதிப்புரிமைக்குப் பதிவாகியிருக்கிறது. சில பத்தாண்டுகளில் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆக வாத்து என்ற உருவத்தை டச்சுக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அது அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, வாத்துக்கு ஏற்கெனவே ஒரு பண்டிகை இருந்தது.

நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள். அறுவடை முடிந்து, குளிர்காலத்துக்குத் தீனி போட முடியாத கால்நடைகளை அறுக்கும் பருவம். நவம்பரின் பழைய டச்சுப் பெயரே 'அறுப்பு மாதம்' என்று பொருள்படும். அந்த நாளில் கொழுத்த வாத்தை வறுத்துச் சாப்பிடுவது வழக்கம். அதற்கு ஒரு கதையும் உண்டு. மார்ட்டினை ஆயராக்க ஊரார் தேடி வந்தபோது, பதவி வேண்டாம் என்று அவர் வாத்துக் கொட்டிலில் ஒளிந்துகொண்டாராம்; வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டனவாம். உட்ரெக்ட் நகரத்தின் காவல் புனிதரும் மார்ட்டின்தான். வட மாகாணங்களில் இன்றும் அன்று மாலை குழந்தைகள் விளக்கு ஏந்தி வீடு வீடாகப் போய்ப் பாடி மிட்டாய் வாங்குகிறார்கள். முன்பெல்லாம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி பெரிதாக விளையும் சர்க்கரை பீட்டைக் குடைந்து அதற்குள் மெழுகுவத்தி வைப்பார்கள். ஆகவே பலகையில் வாத்தைப் பார்த்த டச்சுக் குழந்தைக்கு அது விருந்தின் அடையாளம், குளிர்காலம் தொடங்கிவிட்டதன் அடையாளம். இத்தாலியில் வரைந்த வாத்து இங்கே வந்ததும் உள்ளூர் வாத்தாகிவிட்டது.

அடுத்ததுதான் முக்கியமான விஷயம். 1578இல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி கத்தோலிக்கர் கையிலிருந்து சீர்திருத்தச் சபையார், அதாவது புராட்டஸ்டண்டுகள் கைக்கு மாறியது. டச்சுக் குடியரசு முழுவதும் கத்தோலிக்க வழிபாட்டைப் பொதுவெளியில் நடத்தத் தடை வந்தது. புனிதர்களின் நாட்களைக் கொண்டாடுவது மூடநம்பிக்கை என்று போதகர்கள் கண்டித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பல நகர நிர்வாகங்கள் புனித நிக்கோலஸ் நாளுக்கான சந்தைக் கடைகளையும், புனிதர் உருவத்தில் செய்த பலகாரங்களையும் தடுக்கப் பார்த்தன. ஆனால் சனங்கள் விடவில்லை. ஊர்வலம் போக முடியாது, சரி, வீட்டுக்குள் கொண்டாடலாம். கோயிலில் நடந்த சடங்கு அடுப்பங்கரைக்கு வந்தது. நல்ல பிள்ளைக்கு நிக்கோலஸ் பரிசு போடுவார், கெட்ட பிள்ளைக்குப் பிரம்பு போடுவார் என்று டிசம்பர் 5 இரவு குழந்தைகள் புகைக்கூண்டின் கீழே காலணியை வைத்தார்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று குடும்பத்தோடு உட்கார்ந்து சீட்டு எடுத்தார்கள். புனிதரின் அருள் என்று இருந்த இடத்தில் 'யாருக்கு என்ன விழுகிறது பார்ப்போம்' என்ற ஆட்டம் வந்து உட்கார்ந்தது. டச்சுப் பண்டிகைகள் இவ்வளவு வீட்டுத்தன்மை கொண்டவையாக இருப்பதற்கும், அவற்றில் பலகையும் பகடையும் இவ்வளவு இடம் பிடித்ததற்கும் இந்த வரலாறு ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் டச்சு ஓவியர் யான் ஸ்டேன் 1665க்கும் 1668க்கும் இடையில் வரைந்த 'புனித நிக்கோலஸ் திருநாள்' ஓவியத்தைப் பார்க்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு சின்னப் பெண், கை நிறையப் பரிசும் ஒரு பொம்மையும். அம்மா கை நீட்டுகிறாள். பெண் கொடுக்க மாட்டேன் என்று திரும்பிக்கொள்கிறாள். இடது பக்கம் அண்ணன்காரன் அழுகிறான். அவனுடைய காலணியில் இருந்தது ஒரு பிரம்புக் கட்டு. இன்னொரு சிறுவன் அவனைக் காட்டிச் சிரிக்கிறான். பின்னால் பாட்டி மட்டும் திரைச்சீலைப் பக்கம் நின்று, அழும் பையனை 'வா' என்று அழைக்கிறாள். அங்கே அவனுக்கு ஏதோ மறைத்து வைத்திருக்கிறாள் போலும். வலது பக்கத்தில் ஒருவன் கைக்குழந்தைக்குப் புகைக்கூண்டைக் காட்டுகிறான். குழந்தையின் கையில் புனிதர் உருவப் பலகாரம். தரையில் கொட்டைகள், காலணி, பண்டிகை ரொட்டி.

ஜெயித்தவள், தோற்றவன், வேடிக்கை பார்ப்பவன், கிணற்றில் விழுந்தவனைத் தூக்கிவிட வரும் பாட்டி. ஒரு கான்ஸன்போர்ட் ஆட்டத்தில் வரும் அத்தனை நிலைகளும் இந்தக் குடும்பத்தில் இருக்கின்றன. ஸ்டேன் கத்தோலிக்கர், சில காலம் டெல்ஃப்டில் பீர் காய்ச்சும் தொழிலும், பின்னாளில் லெய்டனில் சத்திரமும் நடத்தியவர். சத்திரமும் பண்டிகையும் குடும்பக் கலவரமும் அவருக்கு நன்றாகவே பழக்கம். ஒழுங்கில்லாமல் இரைச்சலாக இருக்கும் வீட்டை டச்சுக்காரர்கள் இன்றும் 'யான் ஸ்டேன் குடித்தனம்' என்றுதான் சொல்கிறார்கள்.

அப்புறம் ராஜாச் சீட்டு. என்னைக் கேட்டால், படமும் விளையாட்டும் பண்டிகையும் பிரிக்கவே முடியாதபடி ஒன்றாக இருப்பது கான்ஸன்போர்டில்கூட இல்லை, இதில்தான். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து மூவர் வந்த நாள். அன்று மாலை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ராஜா வேண்டும். சில வீடுகளில் பணியாரத்துக்குள் ஒரு பயற்றங்கொட்டையை ஒளித்துச் சுடுவார்கள். யார் துண்டில் வருகிறதோ அவர் ராஜா. மற்ற வீடுகளில் 'கோனிங்ஸ்பிரீஃப்' என்ற அச்சுத்தாளைக் கடையில் வாங்குவார்கள். ஒரே தாளில் பல கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மரச்செதுக்குப் படம், அதற்குக் கீழே ஈரடிப் பாட்டு. ராஜா, ஆலோசகர், காரியதரிசி, மது ஊற்றுபவர், இறைச்சி வெட்டுபவர், சமையல்காரர், வைத்தியர், வாயிற்காவலர், தூதர், பாட்டுக்காரர், வாத்தியக்காரர், கடைசியில் கோமாளி. கத்தரித்து, மடித்து, தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த சீட்டைத் தொப்பியிலோ சட்டையிலோ குத்திக்கொண்டு அந்த இரவு முழுவதும் அந்த வேஷத்திலேயே இருக்க வேண்டும். ராஜாவுக்குக் காகிதக் கிரீடம். அதையும் அச்சடித்து விற்றார்கள்.

யோசித்துப் பாருங்கள், வீட்டு வேலைக்காரி ராஜாச் சீட்டை எடுக்கலாம். எசமானர் சமையல்காரர் ஆகலாம். கடைக்குட்டி ராஜாவானால் தாத்தாகூட அவன் சொன்னபடி கேட்க வேண்டும். ராஜா கோப்பையை வாயில் வைக்கும்போதெல்லாம் எல்லோரும் ஒரே குரலில் "ராஜா குடிக்கிறார்!" என்று கத்த வேண்டும். கத்த மறந்தவர் முகத்தில் கோமாளி கரி பூசுவான். ஆண்ட்வெர்ப் ஓவியர் யாக்கோப் யோர்டான்ஸ் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். யான் ஸ்டேன் 1668இல் வரைந்த ஓவியம் ஒன்று ஜெர்மனியின் காஸல் நகரில் இருக்கிறது. அதில் ஒரு பொடியன் பெஞ்சின் மேல் ஏறி, காகிதக் கிரீடத்தோடு மது அருந்துகிறான். சுற்றியிருக்கும் பெரியவர்கள் கிடைத்த பாத்திரத்தைத் தட்டி ஆர்ப்பரிக்கிறார்கள்.

இந்தச் சீட்டுத்தாளுக்குத் தனிப் பலகை இல்லை, காய் இல்லை. மேசையே பலகை, மனிதர்களே காய்கள். வெட்டிக் கொடுத்ததும் தாள் தாளாக இருப்பதில்லை என்பதால் முழுசாகத் தப்பிப் பிழைத்தவை குறைவு. அருங்காட்சியகத்தில் இருப்பவை பெரும்பாலும் விற்காமல் கிடந்தவையாகத்தான் இருக்க வேண்டும். பயன்பட்டவை எல்லாம் அந்த இரவோடு முடிந்துவிட்டன.

இத்தனை தாள்களும் எங்கிருந்து வந்தன? இவை 'சென்ட்ஸ்பிரெண்ட்' என்ற மலிவுப் படத்தாள் தொழிலின் பகுதி. பெயரே 'ஒரு காசுப் படம்' என்றுதான் பொருள்படும். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட தாள். மரக்கட்டையில் செதுக்கிய படம். தெருவில் சுமந்து விற்பவர்களும் சிறு கடைக்காரர்களும் விற்றார்கள். ஆம்ஸ்டர்டாமிலும் ஸால்ட்போமலிலும் அச்சகங்கள் இருந்தன. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் டர்ன்ஹவுட் ஊரின் பிரெபோல்ஸ் அச்சகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதில் மிகப் பெரிய பெயர். 1815இலிருந்து 1830 வரை அந்த ஊரும் ஆம்ஸ்டர்டாமும் ஒரே ராஜ்யத்தில்தான் இருந்தன. நாடு பிரிந்த பின்பும் தாள்கள் வடக்கே போய்க்கொண்டிருந்தன. அதே டர்ன்ஹவுட்தான் இன்றும் சீட்டுக்கட்டு உற்பத்திக்குப் பேர் போன ஊர்.

நிறம் கையால் பூசியது. உருவம் வெட்டியெடுத்த தாளை மேலே வைத்துச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரே தேய்ப்பு. வேகமாகச் செய்ய வேண்டிய வேலை என்பதால் வாத்தின் மஞ்சள் பக்கத்து மரத்தில் வழியும், ராஜாவின் சிவப்பு அங்கி அடுத்த கட்டத்துக்குள் போகும். எனக்கு அந்த வழிந்த நிறங்களை மிகவும் பிடிக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தாளை முடித்திருக்க வேண்டும் என்பது அதில் தெரிகிறது. மரக்கட்டைகளை ஐம்பது அறுபது வருடம்கூட உபயோகித்தார்கள். ஒரு அச்சகம் மூடினால் கட்டைகளை இன்னொருவர் வாங்கினார். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குழந்தை விளையாடிய பலகையில் அதன் கொள்ளுத்தாத்தா காலத்து உடை போட்டவர்கள் சத்திரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பலகையின் காலத்தை உடைகளைப் பார்த்து மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

சின்டர்கிளாஸ், அதாவது புனித நிக்கோலஸ் பலகைகளுக்கு வேறொரு அடையாளம் உண்டு: நீராவிக் கப்பல். 1850இல் ஆம்ஸ்டர்டாமின் பள்ளி ஆசிரியர் யான் ஸ்கெங்க்மன் 'புனித நிக்கோலஸும் அவருடைய வேலையாளும்' என்ற படப் புத்தகத்தை வெளியிட்டார். புனிதர் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வருகிறார், குதிரையில் கூரை மேல் போகிறார், புகைக்கூண்டு வழியாகக் காதுகொடுத்துக் கேட்கிறார், நல்ல பிள்ளைக்குப் பரிசு, கெட்ட பிள்ளைக்குப் பிரம்பும் சாக்கும். இன்று டச்சுக் குழந்தைகள் அறிந்திருக்கும் சின்டர்கிளாஸ் ஏறத்தாழ அந்தப் புத்தகத்தில் நிலைபெற்றவர்தான். அதன் பிறகு வந்த புனித நிக்கோலஸ் ஆட்டப் பலகைகளில் கப்பலும் கூரையும் காலணியும் சாக்கும் கட்டங்களாகின. காலணியில் பரிசு என்றால் முன்னே போ. பிரம்பு என்றால் பின்னே வா. கான்ஸன்போர்டின் எலும்புக்கூடு அப்படியே இருக்க, தோல் மட்டும் மாறியது. கப்பல் இருந்தால் பலகை 1850க்குப் பிந்தியது என்று அநேகமாகத் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் அந்த வேலையாளைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. ஸ்கெங்க்மன் புத்தகத்தில் அவர் கறுப்பினத்தவர். சூரினாமிலும் கரீபியத் தீவுகளிலும் இருந்த டச்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது 1863 ஜூலை 1ஆம் தேதி. புத்தகம் வந்தது அதற்கு 13 ஆண்டுகள் முன்பு. கறுப்பு பீட் என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்த உருவம், தடித்த உதடும் சுருள் முடியும் காது வளையமுமாகப் பலகைகளிலும் பெட்டி மூடிகளிலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் அச்சானது. விளையாட்டுப் பொருள் என்பதால் அதன் பொறுப்பு குறைந்துவிடாது. ஒரு குழந்தை ஒரு படத்தை ஒரு மாலையில் நாற்பது தடவை பார்ப்பது பலகையில்தான். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2019இல் ஆப்பல்டோர்னில் நடந்த தேசிய வரவேற்பு ஊர்வலத்தில் முகத்தில் புகைக்கரிக் கோடுகள் மட்டும் கொண்ட பீட்டுகள்தான் வந்தார்கள். புதிய பலகைகளிலும் அந்த மாற்றம் தெரிகிறது. பழையவற்றைப் பார்க்கும்போது அழகை மட்டும் பார்த்துவிட்டு இதைத் தாண்டிப் போவது நேர்மை ஆகாது.

குளிர்கால மேசையில் ஆடிய இன்னொரு ஆட்டம் ஸ்கிம்மல் ஆட்டம். ஸ்கிம்மல் என்றால் வெள்ளைக் குதிரை. 1800ஐ ஒட்டி வியன்னாவிலிருந்து பரவியது. இதில் ஐந்து படச் சீட்டுகள்: வெள்ளைக் குதிரை, சத்திரம், மணி, சுத்தியல், மணியும் சுத்தியலும் சேர்ந்த சீட்டு. எட்டுப் பகடைகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முகத்தில்தான் அடையாளம், மற்ற ஐந்தும் வெற்று. ஆட்டம் தொடங்கும் முன் சீட்டுகளை ஏலம் விடுவார்கள். அந்த ஏலத்தில் வரும் காசு பொதுப் பானைக்கு. எல்லாப் பகடையும் வெறுமையாக விழுந்தால் ஆளுக்கு ஒன்று குதிரைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். பானை காலியாகும் நேரத்தில் சத்திரக்காரருக்கு யோகம் அடிக்கும். ஏலத்தில் அதிக விலை குதிரைக்குத்தான் போகும். சின்டர்கிளாஸின் குதிரையும் ஒரு ஸ்கிம்மல்தான். வியன்னாவில் இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்கள் அதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் டிசம்பர் மாதத்தில் ஒரு டச்சுக் குழந்தை வெள்ளைக் குதிரைச் சீட்டைக் கையில் வாங்கும்போது வேறு எதை நினைக்கும்?

பணயம் என்ன என்பதும் பண்டிகையைக் காட்டும். காசு வைத்தும் ஆடினார்கள், ஆனால் குழந்தைகள் இருந்த மேசையில் கொட்டைகளும் பெப்பர்நோட்டன் என்ற மசாலாப் பொடி பிஸ்கோத்துகளும்தான் காசு. கடைகளிலேயேகூட, நிக்கோலஸ் நாளுக்கு முந்தைய மாலைகளில் பேக்கரிக்குப் போய்ப் பகடை உருட்டிப் பலகாரம் ஜெயித்து வரும் வழக்கம் இருந்தது. சபையார் சூதாட்டம் என்று முகம் சுளித்த ஒன்று, பண்டிகை என்ற பெயரில் வருடத்தில் சில நாள் அனுமதி பெற்றது.

இதன் தொடர்ச்சியை இன்றும் பார்க்கலாம். டிசம்பர் 5 மாலை பல வீடுகளில் நடப்பது சின்டர்கிளாஸ் பகடை ஆட்டம். ஆளுக்கு இரண்டு மூன்று சின்னப் பொருளைக் காகிதம் சுற்றிக் கொண்டுவந்து நடுவில் குவிக்கிறார்கள். பகடையில் ஆறு விழுந்தால் ஒரு பொதியை எடு. ஒன்று விழுந்தால் எல்லாப் பொதியையும் இடப்பக்கத்தவரிடம் தள்ளு என்பது மாதிரி வீட்டுக்கு வீடு விதி. இரண்டாவது சுற்றுக்குச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துவிடுவார்கள். அது மணியடிக்கும்போது கையில் இருப்பது உங்களுடையது. பலகை இல்லை, ஆனால் கிணறும் சிறையும் அங்கேயேதான் இருக்கின்றன. உட்ரெக்டில் ஒரு நண்பர் வீட்டில் மூன்று முறை ஆடியிருக்கிறேன். ஒரு முறை என் கையில் குவிந்திருந்த ஆறு பொதிகளும் கடைசி நிமிடத்தில் எட்டு வயதுப் பெண்ணிடம் போயின. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது ஸ்டேன் வரைந்த பொம்மைக்காரி ஞாபகம் வந்தாள்.

வருடக் கடைசி இரவில் ஓலிபோலன் என்ற எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டே நள்ளிரவு வரை பலகை விளையாட்டு ஆடுவதும் பழைய வழக்கம்தான். கான்ஸன்போர்டோடு அன்று மேசைக்கு வரும் இன்னொன்று 'மென்ஸ் எர்கர் யெ நீட்'. 'மனுஷா, எரிச்சல்படாதே' என்று அர்த்தம். ஜெர்மனியில் 1914 வாக்கில் பரவலாக விற்பனைக்கு வந்த ஆட்டம். இதன் மூலம் இந்தியாவின் பச்சிஸி. நம் தாயக்கட்டத்துக்கு நெருங்கிய உறவு. எதிராளியின் காயை வெட்டி வீட்டுக்கு அனுப்பும் அந்த ஒரு விதி போதும், தாயம் ஆடிப் பழகிய எவரும் பத்து நிமிடத்தில் டச்சுக் குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளலாம். நான் அப்படித்தான் சேர்ந்துகொண்டேன்.

ஏப்ரல் 27, ராஜா நாள்; டச்சு அரசரின் பிறந்தநாள். அன்று தெருவில் யாரும் கடை போடலாம். குழந்தைகள் போர்வை விரித்துத் தங்கள் பழைய விளையாட்டுச் சாமான்களை விற்பார்கள். பெட்டி கிழிந்த கான்ஸன்போர்டுகள் ஒன்றிரண்டு யூரோவுக்குக் கிடைக்கும். சில ஊர்களில் அன்று சதுக்கத்திலேயே பெரிய கட்டங்கள் போட்டு, குழந்தைகளே காய்களாக நின்று ஆடும் 'உயிருள்ள கான்ஸன்போர்ட்' நடக்கும். ராஜாச் சீட்டில் மனிதர்கள் காய்களாக இருந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா, அது இப்படித் தெருவுக்கு வந்துவிட்டது.

எல்லாப் படப் பலகையும் பண்டிகைப் பலகை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில், பூகோளம், தேச வரலாறு, நன்னடத்தை என்று பாடம் நடத்தும் பலகைகளும் வந்தன. 1784இல் தொடங்கிய 'பொது நன்மைச் சங்கம்' போன்ற அமைப்புகள் மலிவுப் படத்தாள்களின் கோமாளித்தனத்தை விரும்பாமல், ஒழுக்கம் போதிக்கும் தாள்களைத் தாங்களே அச்சிட்டுப் பார்த்தன. அந்தத் தாள்கள் நேர்த்தியானவை. ஆனால் பொது மக்கள் பழைய கோணல்மாணல் படங்களையே தொடர்ந்து வாங்கினார்கள். அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பண்டிகை இரவில் பாடம் கேட்க யார் உட்காருவார்?

நேரில் போக முடியாதவர்களுக்கு: ரைக்ஸ் அருங்காட்சியகம் தன்னிடமிருக்கும் தாள்களைப் பெரிய அளவில் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஹேக் நகரின் தேசிய நூலகத்திலும் ராட்டர்டாமின் அட்லஸ் ஃபான் ஸ்டோல்க் தொகுப்பிலும் மலிவுப் படத்தாள்கள் நிறைய உண்டு. டர்ன்ஹவுட்டில் சீட்டுக்கட்டு அருங்காட்சியகமே இருக்கிறது. பார்க்கும்போது 19ஆம் கட்டத்தை மட்டும் வரிசையாக ஒப்பிட்டுப் பாருங்கள். சத்திரத்தின் பெயர்ப்பலகை, வாசலில் நிற்பவர், மேசை மேல் இருப்பது என்று ஒவ்வொரு காலமும் எதை 'விருந்து' என்று நினைத்தது என்பது அந்த ஒரு கட்டத்தில் நன்றாகத் தெரியும். பிறகு பிடித்த பலகை ஒன்றை ஏ3 தாளில் அச்சிட்டு, இரண்டு பகடையும் ஒரு கிண்ணம் வேர்க்கடலையும் வைத்துக்கொண்டு வீட்டில் ஆடுங்கள். முதல் வீச்சில் 9 விழுந்தால் எங்கே போக வேண்டும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.